வீடு விடுவதற்குச் சொன்ன பொய்

1

நான் சந்தேகக்காரி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால், அந்த முதலாவதில் என்ன பழுது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வைத்தியர் சிரித்த முகத்தோடு பேசினால் அன்றைக்கு எனக்கு நித்திரை வராது.

அதனால் வீட்டுக் கடனுக்குச் சம்மதம் என்று வங்கியிலிருந்து தகவல் வந்தபோது, இவர் வாய் நிறையச் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. உணவகக் குசினியில் நிற்கிற ஒரு மனுசனுக்கும், முதியோர் இல்லத்தில் கூட்டித் துடைக்கிற ஒரு மனுசிக்கும் சுவிஸ் நாட்டில் யார் வீடு வாங்கக் கடன் தருவார்கள்? எங்கேயோ பொடி எழுத்தில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. நகரத்துக்கு வெளியே, ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு பழைய தொடர்மாடிக் கட்டடத்தில் எங்களுக்கென்று ஒரு வீடு கிடைத்தது.

உடனே இவருக்கும் மகள் துளசிக்கும் கட்டளை போட்டேன். புது வீட்டில் பால் காய்ச்சும்வரை ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. கோயிலில் கூடாது, வேலையிடத்தில் கூடாது, ஊருக்கு எடுக்கும் தொலைபேசியில் அறவே கூடாது. எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. வீடு வாங்கினவர் யாரும் வாங்குகிறேன் என்று சொல்லி வாங்கியதில்லை. பால் பொங்கி முடிந்து, படம் எடுத்து அனுப்பும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும். கண்ணூறு என்பதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று துளசி கேட்டாள். நம்பிக்கை இல்லாவிட்டாலும் பயம் இருக்கிறது என்றேன்.

சிக்கல் புது வீட்டில் இல்லை, இருக்கிற வாடகை வீட்டில்தான். துளசி பிறந்ததிலிருந்து நாங்கள் இருக்கிற வீடு அது. இந்தப் பகுதியில் வாடகை வீட்டை நினைத்த நேரத்தில் விட முடியாது. வருடத்தில் அதற்கென்று சில தேதிகள் உண்டு, அடுத்தது புரட்டாசியில்தான். புது வீட்டுக் கதவின் திறப்போ ஆனியில் கையில் வருகிறது. ஆனி கழிந்தால் ஆடி. ஆடியில் யாராவது குடிபுகுவார்களா? ஆகவே ஆனியிலேயே பால் காய்ச்ச வேண்டும், ஆனியிலேயே பழைய வீட்டையும் விட வேண்டும். இல்லாவிட்டால் இருக்காத வீட்டுக்கும் வாடகை கட்ட வேண்டும்.

2

இடையில் விடுவதற்கு ஒரு வழி உண்டு. எங்களுக்குப் பதிலாக, அதே வாடகைக்கு, அதே நிபந்தனைக்கு வரச் சம்மதிக்கிற ஓர் ஆளை நாங்களே பிடித்துக் கொடுக்க வேண்டும். அவருக்குக் கடன் தொல்லை இருக்கக் கூடாது. வீட்டை நிர்வகிக்கிற அலுவலகம், எங்கள் வாயில் கந்தோர், அவரை ஏற்றுக்கொண்டால் எங்களுக்கு விடுதலை.

இதைத் துளசிதான் தொலைபேசியில் கேட்டுச் சொன்னாள். அந்தக் கந்தோர்ப் பெண் மறுமுனையில் வெகுநேரம் பேசினாள். துளசி "யா, யா" என்று கேட்டுவிட்டு எனக்கு ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

"இவ்வளவு நேரமும் அவள் கதைச்சது இவ்வளவுதானோ?" என்று கேட்டேன்.

"முக்கியமானது இவ்வளவுதான் அம்மா."

"முக்கியமில்லாததையும் சொல்லு."

"சமர் விடுமுறைக்கு எங்க போறாவாம் எண்டு சொன்னவா. அதையும் சொல்லட்டோ?"

நான் நம்பவில்லை. இந்த நாட்டில் என் காதும் வாயும் என் மகளிடம் இருக்கின்றன. அவள் வடிகட்டித் தருவதைத்தான் நான் குடிக்கிறேன். சின்ன வயதில் முழுவதையும் மொழிபெயர்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் கறிவாசத்தைப் பற்றிச் சொன்னதைக்கூட அப்படியே சொன்ன பிள்ளை. இப்போது தனக்குத் தேவையென்று படுவதை மட்டும் தருகிறாள்.

இவர் கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினார். கடிதம் செல்லாது என்று பதில் வந்தது. பார்த்தீர்களா, இழுத்தடித்துப் புரட்டாசி வரைக்கும் வாடகை பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நான் குதித்தேன். துளசி வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"உங்கட கையெழுத்து இல்லையாம் அம்மா. குடும்பம் இருக்கிற வீட்டை ஒராள் தனிய விட ஏலாதாம். பெண்சாதி சம்மதிக்காம புருசன் வீட்டை விட்டிட்டுப் போகக் கூடாதெண்டு சட்டமாம்."

எனக்கு அது பிடித்துப்போனது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஊரில் சீதனமாக என் பெயரில் இருக்கிற காணியை, அங்கத்தைய சட்டப்படி, நான் விற்பதென்றாலும் இவருடைய சம்மதம் வேண்டும். இங்கே இவர் ஒரு வாடகை வீட்டை விடுவதற்கே என் கையெழுத்து வேண்டும். நல்ல பெரிதாக, இவருடைய கையெழுத்துக்கு மேலே போய் முட்டுகிற மாதிரிப் போட்டேன்.

3

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் என் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள்; குளியலறையில் தண்ணீரைத் திறந்து பார்த்தார்கள். ஒருத்தி சாமித்தட்டுக்கு மேலே சுவரில் படிந்திருந்த விளக்குப் புகையை விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் அவர்கள் பின்னாலேயே அறை அறையாகப் போனேன். இவர் என்னைக் கூப்பிட்டு, இவர்கள் வீடு பார்க்க வந்தவர்கள், களவெடுக்க வந்தவர்கள் இல்லை என்று மெல்லச் சொன்னார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக வந்தவர் ஜெகன் அண்ணை. எங்கள் கோயிலில் அன்னதானத்தன்று சாம்பார் வாளியோடு நிற்பவர். அவருடைய மகளுக்குப் புதிதாகக் கலியாணமாகியிருந்தது; மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் வீடு தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணிலும் சந்தேகம் இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யன்னல் மூலையை மோந்து பார்த்தார்.

"ஏன் தங்கச்சி இவ்வளவு நல்ல வீட்டை விடுறியள்? பூஞ்சணம் ஏதும் பிடிக்குதோ?"

நான் வாயைத் திறக்க முதல் இவர் முந்திக்கொண்டார். "சீ, அப்பிடி ஒண்டுமில்லை அண்ணை. நாங்கள் ஊரோட போகப் போறம்."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் ஜெகன் அண்ணையின் முகம் அந்தக் கணமே மாறிவிட்டது. சந்தேகம் போன இடம் தெரியவில்லை. இவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"குடுத்துவைச்சனீங்கள் தம்பி. நாங்கள் எல்லாரும் சொல்லிக்கொண்டு திரியிறம். நீங்கள் செய்யிறியள்."

ஊரோடு போகப் போகிறோம் என்பது இங்கே எல்லோரும் சொல்கிற கதைதான். ஓய்வூதியம் வந்த பிறகு, பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்த பிறகு, முழங்கால் இன்னும் மோசமாக முதல் என்று ஒவ்வொருவரும் ஒரு வருடம் வைத்திருப்பார்கள். அதனால் அந்தப் பொய்யை ஒருவரும் சந்தேகிக்க மாட்டார்கள். இவர் கெட்டிக்காரத்தனமாகத்தான் சொன்னார். புது வீடு எங்கே, என்ன விலை என்ற கேள்வி ஒன்றுமே வராது.

அவர்கள் படியிறங்கிப் போன பிறகு பார்த்தால் துளசி தன் அறை வாசலில் நின்றாள்.

"அப்ப அந்த வீடு? அது வாங்கேல்லையோ? ஊருக்கோ போறம்?"

சும்மா சொன்னது என்று இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"சும்மா எண்டாலும் கேளுங்கோ. நீங்கள் ரெண்டு பேரும் போறதெண்டாப் போங்கோ. நான் வர மாட்டன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பெற்ற பிள்ளை எனக்கு முதன்முதலாக ஒன்றையும் வடிகட்டாமல் சொன்னது அதுதான். அன்று முழுவதும் எனக்கு வேலையில் கை ஓடவில்லை.

ஜெகன் அண்ணையின் மகளையும் மருமகனையும் கந்தோர் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டார்களே, ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்க வேண்டியது வேறு ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது.

4

எனக்கு ஊரில் ஒரு வீடு இருக்கிறது. புதுக்குடியிருப்பில், முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில். அப்பா சீதனமாகத் தந்தது. யுத்தம் முடிந்து போய்ப் பார்த்தபோது கிணறும் ஒரு பக்கச் சுவரும் மட்டும் நின்றன. இங்கிருந்து உழைத்து அனுப்பித் திரும்பக் கட்டினோம். வயது போன காலத்தில் போய் இருக்கத்தான்.

வெறுமனே கிடந்த வீட்டில் யன்னல் நிலையைக்கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதனால் வாடகைக்கு விட்டோம். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மச்சாள் கலா ஆள் பிடித்துத் தந்தாள். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் நஸீரும் அவருடைய மனைவி பரீதாவும். பரீதா முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை எல்லாம் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது தாய் தகப்பனோடு புத்தளம் போனவள். யுத்தம் முடிந்த பிறகு புருசன் பிள்ளைகளோடு திரும்பி வந்தவள்.

நான் சும்மா விட்டுவிடுவேனா? வாடகைக்கு இருக்கிறவர்கள் காலம் போகப் போகக் காணியைத் தங்களுடையது என்று சொல்லிவிடுவார்கள் என்று இங்கே ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதனால் சட்டத்தரணியிடம் எழுதுவித்தேன். இன்ன தேதிவரை, அதற்கு முதல் விடுவதென்றால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, மரம் தறிக்கக் கூடாது. சுவிஸ்காரனிடம் படித்ததெல்லாம் அதில் இருந்தது. சாமியறையைப் பூட்டித் திறப்பைக் கலாவிடம் கொடுத்தேன். அடிக்கடி கலாவை அனுப்பி, முற்றத்து மாமரம் நிற்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

நோன்புக்கும் தீபாவளிக்கும் பரீதா தவறாமல் எடுத்துக் கதைப்பாள். "அக்கா, சுகமா இருக்கிறீங்களோ? மாமரம் இந்த முறை நல்லாக் காய்ச்சது" என்பாள். கலா படம் எடுப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

5

பழைய வீட்டை ஒப்படைக்க முதல் துப்புரவாக்குவது இங்கே ஒரு பெரிய வேலை. நான் ஊதியத்துக்குச் செய்கிற வேலைதான், ஆனால் நாங்களே இருந்த வீட்டில் செய்வது வேறு. ஆணி அடித்த ஓட்டைகளை அடைக்க வேண்டும். அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்க்க வேண்டும். நாங்கள் இருந்த அடையாளமே இருக்கக் கூடாது. சாமித்தட்டுக்கு மேலே இருந்த புகையை நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது கலாவின் அழைப்பு வந்தது.

"மச்சாள், நீங்கள் சரியான ஆள். எங்களிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

வீடு வாங்கினது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"என்னடி?"

"ஊரோட வாறியளாம். ஜெகன் அண்ணையின்ர தங்கச்சி இஞ்ச பஸ்சில கண்டு சொன்னவா. நான் கிணறு இறைக்க ஆளும் பிடிச்சிட்டன். பரீதா ஆக்களும் போயிட்டினம்."

"எங்க போயிட்டினம்?"

"வீட்டை விட்டிட்டினம். நீங்கள் வாறியள் எண்டு நான்தான் சொன்னனான். அடுத்த கிழமையே சாமானை ஏத்திப்போட்டினம். திறப்பு என்னட்டக் கிடக்கு."

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, சந்தேகம். ஒப்பந்தக் காலம் இன்னும் கிடக்கிறதே, ஏன் இவ்வளவு அவசரம்? எதையாவது கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா? மாமரம் நிற்கிறதா? உடனே போய் மூலை முடுக்கெல்லாம் படம் எடு என்று கலாவை விரட்டினேன்.

கலா வீடியோ எடுத்து அனுப்பினாள். மாமரம் நின்றது. சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அது ஒப்பந்தத்தில் இல்லை. பூட்டிய சாமியறையின் வாசலையும் கழுவி விட்டிருந்தார்கள். குசினியில் ஒரு குடம் தண்ணீர் மூடி வைத்திருந்தது. அடுப்படியில் ஒரு கட்டு விறகு. பக்கத்தில் இரண்டு போத்தல்கள்.

"அது என்ன போத்தல்?" என்று கேட்டேன்.

"ஒண்டில தேயிலை, ஒண்டில சீனி. பரீதா வைச்சவள். களைச்சு விழுந்து வருவினம், வந்த உடன தேத்தண்ணி வைக்க எண்டு."

நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஏன் வைத்தாள் என்றுதான் அப்போதும் என் மனம் கேட்டது. என்ன எதிர்பார்த்து வைத்தாள்? எனக்கு எட்டவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டபோது கலா சொன்னாள். கடலோரப் பக்கம் நஸீரின் தமையன் கட்டிக்கொண்டிருக்கிற வீடு, தகரம் போட்ட ஒரு பக்கத்தில் இருக்கிறார்கள். மூத்த பெண்பிள்ளை இந்த முறை சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறவள். பள்ளிக்கூடமும் ரியூசனும் புதுக்குடியிருப்பில். விடிய எழும்பி பஸ்ஸுக்கு ஓடுகிறாளாம்.

பரீதாவுக்கு எடுத்தேன். அந்தப் பக்கம் தொடர்பு கிடைப்பது கஷ்டம். திரும்பத் திரும்ப எடுத்தும் கிடைக்கவில்லை.

6

ஒப்படைக்கிற நாளும் வந்தது. காலையில் கந்தோர்ப் பெண் வர இருந்தாள். மறுநாள் புது வீட்டில் பால் காய்ச்ச நேரம் பார்த்திருந்தோம். வெறும் வீட்டில் நானும் துளசியும் மட்டும் நின்றோம். உட்கார ஒரு கதிரைகூட இல்லை. அப்போது பரீதாவே எடுத்தாள்.

"அக்கா, எடுத்திருக்கிறீங்கள். இஞ்ச லைன் இல்லை. எப்ப வாறீங்கள்?"

"பரீதா, ஏன் போனனீங்கள்? நான் போகச் சொல்லேல்லையே."

"நீங்கள் சொல்ல மாட்டீங்கள் எண்டு தெரியும் அக்கா. அதுதான் கேக்க முதல் போனம்."

"ஒப்பந்தம் இருக்கு. ஒருதரும் உங்களை எழுப்பேலாது."

"ஒப்பந்தம் கிடக்கட்டும்." என்றாள். "நாங்கள் புத்தளத்தால வந்த நேரம் எங்கட வீட்டில வேற ஆக்கள் இருந்தவை. அதுகளும் பாவம், இடம்பெயர்ந்து வந்த சனம். வாப்பா கேற்றுக்கு வெளியில நிண்டவர். உள்ளுக்குப் போகவும் ஏலாது, போகச் சொல்லவும் ஏலாது. என்ன வேணும் எண்டு அந்த வீட்டுப் பிள்ளை ஒண்டு கேட்டிச்சு. குடிக்கத் தண்ணி தாங்கோ எண்டு கேட்டவர் அக்கா. தன்ர கிணத்துத் தண்ணியை. நீங்கள் அப்பிடி வந்து நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இவ்வளவு காலமும் இந்தப் பெண் என் வீட்டைப் பிடித்துக்கொண்டுவிடுவாள் என்று பயந்து, மாமரத்தைப் படம் எடுப்பித்துக்கொண்டிருந்தேன். அவளோ நான் என் வாசலில் வந்து நிற்கக் கூடாது என்று பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தகரத்துக்குக் கீழே போயிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

"பரீதா, நாங்கள் வரேல்லை. அது பொய். இஞ்ச வீடு வாங்கியிருக்கிறம். ஒருதருக்கும் சொல்லேல்லை. நாளைக்குத்தான் பால் காய்ச்சிறம்."

சொல்லிவிட்டேன். பால் காய்ச்ச முதல். அதுவும் முதல் ஆளாக, என் வாடகைக்காரியிடம்.

"மாஷா அல்லாஹ்! சந்தோசம் அக்கா, நல்ல சந்தோசம்."

"நீங்கள் இண்டைக்கே திரும்பி வீட்டை போங்கோ. பிள்ளை பரீட்சை எழுதுற பிள்ளை. கலாவிட்டத் திறப்பை வாங்குங்கோ."

அவளுக்குப் பின்னால் காற்றுக்குத் தகரம் அடிக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. இனி ஒருக்கா சாமான் கட்ட என்னால ஏலாது. நாங்கள் இதுவரை கட்டினது போதும். புதுசா ஒப்பந்தம் ஒண்டும் எழுத வேண்டாம். நீங்கள் இனி இஞ்ச இருக்க வர மாட்டன் எண்டு வாயால சொல்லுங்கோ. நான் இண்டைக்கே போறன்."

சின்னக் கேள்விதான். வீடு வாங்கியாகிவிட்டது, கடன் கட்டி முடிக்க எங்கள் இரண்டு பேருடைய ஆயுசும் வேண்டும். மகள் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பிறகு யாரோடு போய் அங்கே இருக்கப் போகிறேன்? இவ்வளவும் தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. கொஞ்ச நாள் இருங்கோ, பிறகு பார்ப்பம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று இத்தனை வருடமும் நான் பூட்டி வைத்திருந்தது, ஒருநாள் ஊரோடு போவேன் என்ற அந்தச் சொல்லைத்தான். அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்டதில்லை.

துளசி யன்னலடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கதைத்த அவ்வளவும் அவளுக்கு விளங்கியிருந்தது. இந்த முறை மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை.

வாசல் மணி அடித்தது. கந்தோர்ப் பெண் வந்துவிட்டாள்.

"சொல்லுங்கோ அக்கா," என்றாள் பரீதா.

"வர மாட்டன்," என்றேன். "பூட்டின அறையையும் திறந்து பிள்ளைக்குப் படிக்கக் குடுங்கோ."

சொன்னது உண்மைதானா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணால் தண்ணீர் ஓடியது. துளசி வந்து, கதவைத் திறக்கப் போகாமல், என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பரீதாவும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சியது கேட்டது. பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு சொன்னாள்.

"அப்ப சரியக்கா. அந்தத் தேத்தண்ணியை நாங்களே வைச்சுக் குடிக்கிறம்."